ஒன்பதாம் நோன்பு

ஹாரன் அடித்தது. அடித்தபடியே இருந்தது.

அந்த ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் அது பழகிய சத்தம்தான். அஸ்கா கூப்பிடுகிறாள் என்று அர்த்தம். ஒரு தரம் அடித்தால் ஃபேன் திரும்பிவிட்டது. இரண்டு தரம் அடித்தால் தலையணை சரிந்துவிட்டது. அபூசாலி தன்னுடைய பழைய த்ரீவீலரில் இருந்து கழற்றி, ஒரு பற்றரியோடு சேர்த்து அவளுடைய கட்டிலில் பூட்டிக் கொடுத்த ஹாரன் அது. விரல் பட்டாலே போதும் என்கிற மாதிரிப் பொத்தானை அவளுடைய வலது கைக்குப் பக்கத்தில் கட்டியிருந்தான். இன்றைக்கு ஒன்று, இரண்டு என்று எண்ண வழியில்லை. ஒரே இழுவையாக ஊதிக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டில் நோன்புக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்த உம்மு குல்சூம் அகப்பையைப் பானையிலேயே விட்டுவிட்டு ஓடினாள். ஓடினாள் என்று சொல்லக் கூடாது. இடுப்பு எலும்பு தேய்ந்த மனுசி. வேலிக் கம்புகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"வாறன் மகள், வாறன்! கைய எடு, காது கிழியுது!"

கையை எடுக்க அஸ்காவுக்குத் தெம்பில்லை. ஒருக்களித்துச் சரிந்து கிடந்தாள். பொத்தானுக்கு மேல் அவளுடைய கை விழுந்து கிடந்தது. முகம் சாம்பல் நிறமாக இருந்தது. நெற்றியும் கழுத்தும் நனைந்திருந்தன. தொட்டால் குளிர்ந்தது. தாடையிலிருந்து தலையணைவரை புளித்த தண்ணீராக வாந்தி.

உம்மு குல்சூம் கையைத் தூக்கி வைத்தாள். ஹாரன் நின்றது. அதன் பிறகுதான் கச்சான் காற்று கூரைத் தகரத்தைத் தட்டும் சத்தம் கேட்டது.

"அஸ்கா! கண்ணத் தொற மகள்!"

கண் திறந்தது. யாரையும் பார்க்கவில்லை.

"சீனித் தண்ணி தாறன், குடி."

"நோம்பு, மாமி."

"நோம்பு கிடக்கட்டும். அல்லாஹ்வுக்குத் தெரியும். வாயத் தொற."

படுத்தபடியே ஒரு கரண்டி ஊற்றினாள். பிள்ளைக்குப் புரையேறியது. அந்த நெஞ்சுக்கு இருமுகிற பலமும் கிடையாது. தொண்டையில் 'கொர்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. உதடு நீலம் பாரித்தது. உம்மு குல்சூம் கரண்டியை எறிந்துவிட்டு வாசலுக்கு வந்து கத்தினாள்.

"அபூசாலி! அடே அபூசாலி!"

பூவரச மரத்தின் கீழே வண்டியை நிறுத்தி, பின் சீட்டில் படுத்திருந்தவன் தலையைத் தூக்கினான்.

"என்ன மாமி? நானும் நோம்பு, வண்டியும் நோம்பு. எங்கயும் போக ஏலாது."

"விசர்க் கதை கதைக்காத! புள்ள மவுத்தாகப் போறாள்! றுக்கியாவக் கூட்டிட்டு வா!"

அபூசாலி வண்டியைக் கிளப்பினான்.

கண்டக்குழிக்குப் போகிற வழியில் இருந்தது அந்த வெங்காயத் தோட்டம். இருபது பேர் வரிசையாகக் குந்தியிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். பெரும்பாலும் தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் விரட்டப்பட்டு வந்த முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள். வந்து இருபத்தாறு வருசமாகிவிட்டது, ஓலைக் கொட்டில்கள் கல் வீடுகளாகிவிட்டன, யுத்தமும் முடிந்துவிட்டது. ஆனாலும் அவர்கள் குடியிருக்கும் இடத்துக்கு இன்னும் காம்ப் என்றுதான் பெயர். மணல் நிலத்தில் வெங்காயம் பிடுங்குவது கஷ்டமில்லை. வெயிலும் காற்றும்தான் கஷ்டம். காற்று மணலைக் கொண்டுவந்து கண்ணுக்குள் போடும். நோன்பு நாளில் முகம் கழுவினால் வாய்க்குள் தண்ணீர் போய்விடும் என்ற பயத்தில் சிலர் கழுவுவதும் இல்லை.

அஸ்காவின் உம்மா றுக்கியா ஒரு கட்டு வெங்காயத்தைத் தாளோடு முடிந்துகொண்டிருந்தாள். வரம்பில் த்ரீவீலர் வந்து நின்றதும் எழுந்துவிட்டாள். வண்டிக்குள் யார் என்று பார்க்கவில்லை. மேற்பார்வைக்காரனிடம் சொல்லவும் இல்லை. கையில் பிடித்த கட்டோடு ஓடி வந்து வண்டியில் ஏறினாள். பாதி வழியில்தான் கையில் வெங்காயம் இருப்பது தெரிந்து வெளியே எறிந்தாள்.

வீட்டுக்குள் போனதும் அவள் முதலில் செய்த வேலை பிள்ளையை நிமிர்த்தியது. தோளுக்குக் கீழே ஒரு கை, முழங்காலுக்குக் கீழே ஒரு கை. ஒரே மூச்சில் தூக்கி, மடியில் சாய்த்து, தலையை முன்னுக்குக் குனிய வைத்தாள். வாயில் நின்ற தண்ணீர் வழிந்து வந்தது.

"படுத்த பிள்ளைக்கு ஊத்தினீங்களா மாமி?"

"நான் பயந்திட்டன் புள்ள."

"தேன் போத்தல எடுங்க. அலுமாரியில, மேல் தட்டு."

தேனை விரலால் தொட்டு, கன்னத்தின் உள்பக்கம் தடவினாள். தடவி, நின்று, மூச்சைப் பார்த்து, மறுபடி தடவினாள். பதின்மூன்று வருசமாகப் பழகிய கை.

எட்டாம் மாதம் மற்றப் பிள்ளைகள் உட்கார்ந்தபோது அஸ்கா சரிந்து விழுந்தாள். மூன்றாவது வயதில் கொழும்பில் ஒரு டொக்டர் பெயர் சொன்னார். முள்ளந்தண்டு நரம்புகள் செத்துக்கொண்டு போக, தசை கரைந்துகொண்டு போகிற வருத்தம். இரண்டு பேருடைய இரத்தத்திலும் இருந்து வந்தது, ஒருவரும் குற்றவாளி இல்லை என்றார். மூளைக்கு ஒன்றும் ஆகாது. ஆகவும் இல்லை. ஒழுங்கைப் பிள்ளைகளின் கணக்குக் கொப்பியில் பிழை பிடிக்கிறவள் அஸ்காதான். நடக்க மாட்டாள், தானாகத் திரும்பிப் படுக்க மாட்டாள். நிமிர்த்தி வைத்து, முன்னுக்கு ஒரு பலகை போட்டு, பாரமில்லாத கரண்டி கொடுத்தால் தானே அள்ளிச் சாப்பிடுவாள். ஒரு கிண்ணத்துக்கு முக்கால் மணித்தியாலம் எடுக்கும்.

"எடுங்க வண்டிய," என்றாள் றுக்கியா.

ஆஸ்பத்திரிக்குப் பாலாவி தாண்டிப் போக வேண்டும். கடல் பக்கத்துக் காற்று வண்டியை இடது பக்கம் தள்ளிக்கொண்டே வந்தது. அஸ்காவின் தலையை இரண்டு கையாலும் பிடித்தபடி றுக்கியா இருந்தாள். மற்றப் பக்கத்தில் உம்மு குல்சூம். வழியில் அபூசாலி வாயைத் திறந்தான்.

"யாரு இந்தப் புள்ளைய நோம்பு புடிக்கச் சொன்னது? வருத்தக்காரருக்கு நோம்பு கடமையில்ல எண்டு நண்டு சிண்டுக்கும் தெரியும்."

"ஒருத்தரும் சொல்லல்ல. அவளாத்தான் புடிச்சாள்," என்றாள் உம்மு குல்சூம்.

"நீங்க சல்வார் தாறன் எண்டு சொன்ன மாதிரி இருந்திச்சே."

"சொன்னன். ஏழு நோம்பு புடிச்சா சல்வார் எண்டு சொன்னன். எல்லாப் புள்ளைகளுக்கும் சொல்றதுதானே! நான் என்ன கண்டன்? முதல் நோம்ப முடிச்ச அண்டைக்கு ஒழுங்கையே வந்து பாத்திச்சு. ஹாஜியார் வீட்டிலிருந்து பேரீச்சம்பழப் பெட்டி வந்திச்சு. மன்னாரிலிருந்து அவள்ட வாப்பா ஃபோன்ல மாஷா அல்லாஹ் சொன்னாரு. அந்தப் புள்ளைட முகத்த நீ பாக்கல்ல. பாவம் சொல்ல வராம, பாராட்ட வந்த சனத்த அவள் அண்டைக்குத்தான் கண்டாள்."

"பாராட்டு வயித்துக்குப் போகுமா மாமி?"

"நீ ரோட்டப் பாத்து ஓட்டு."

றுக்கியா தேன் போத்தலை மடிக்குள் இடுக்கிக்கொண்டிருந்தாள். அஸ்கா கண்ணை மூடியபடி மெல்லக் கேட்டாள்.

"உம்மா, தேன் பட்டா நோம்பு முறிஞ்சிருமா?"

"முறிஞ்சிட்டு மகள்."

"எட்டுத்தான் அப்ப."

"ஓம். எட்டுத்தான்."

ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே கொண்டுபோனார்கள். விரலில் குத்தி இரத்தம் பார்த்த டொக்டர் நர்ஸிடம் சிங்களத்தில் ஏதோ வேகமாகச் சொன்னார். சேலைன் ஏறியது. ஒரு மணித்தியாலத்தில் முகத்துக்கு நிறம் வந்தது. நெஞ்சைப் படம் பிடித்தார்கள். தண்ணீர் கொஞ்சம் சுவாசப்பைக்குள் போயிருக்கலாம், இரண்டு மூன்று நாள் பார்க்க வேண்டும் என்றார்கள். தூக்கிப் பாரம் பார்த்தார்கள். அதற்குப் பிறகு டொக்டர் முகத்தை மாற்றிக்கொண்டு, கிளினிக்கில் சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் பிரான்சிஸ்காவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

பிரான்சிஸ்கா தலவிலப் பக்கத்து மனுசி. நாற்பத்தைந்து வயது. கழுத்தில் மெல்லிய சங்கிலியும் சிலுவையும். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் அஸ்காவின் கையைப் பிடித்து, தசையை அளந்து, என்ன சாப்பிட்டாய் என்று கேட்டு எழுதுகிறவள். வந்ததும் வராததுமாகத் தொடங்கினாள்.

"றுக்கியா, மே மாசக் கிளினிக்குக்கு ஏன் வரல்ல?"

"தோட்டத்தில லீவு தரல்ல மிஸ்."

"பெப்ரவரியில இருபத்துநாலு கிலோ. இண்டைக்குப் பத்தொம்பது. நான் சிவப்பு மையால எழுதித் தந்தன், நாலு மணித்தியாலத்துக்கு மேல இந்தப் பிள்ளைய வெறும் வயித்தில வைக்கக் கூடாது எண்டு. தந்தனா இல்லையா?"

"தந்தீங்க."

"எனக்கும் உங்களுக்கும் பசிச்சா, உடம்பு தசையில இருந்து எடுத்துச் சமாளிக்கும். இந்தப் பிள்ளைட உடம்புக்கு எடுக்கிறதுக்குத் தசை எங்க இருக்கு? விடியச் சாப்பிட்டுப் பின்னேரம்வரைக்கும் இருந்தா சீனி விழும். இரத்தம் புளிக்கும். இண்டைக்கு ஒரு மணித்தியாலம் பிந்தியிருந்தா நான் உங்களோட இப்பிடிக் கதைச்சிட்டு நிக்க மாட்டன்."

உம்மு குல்சூம் கதிரையில் இருந்தபடி முன்னுக்கு வந்தாள்.

"மிஸ், பாரம் கூடக் கூடாது எண்டு நீங்கதானே போன வருசம் சொன்னீங்க? இனிப்புக் குடுக்காதீங்க, பாணக் குறைங்க, முதுகு வளைஞ்சிரும் எண்டு. நாங்க அதத்தானே கேட்டு நடந்தம்."

"கூடவும் கூடாது, குறையவும் கூடாது எண்டு சொன்னன் மாமி. பாதியக் கேட்டிட்டுப் போயிருக்கிறீங்க. மீன முள்ளெடுத்து மசிச்சிக் குடுங்க, முட்டை குடுங்க, பருப்புக் குடுங்க, பப்பாசி குடுங்க எண்டது எங்க போச்சுது?"

"எல்லாம் குடுத்தன்! பொய்யா சொல்றன்? நோம்புக்கு முன்னுக்கு, பத்து மணிக்கு ஒரு கிண்ணம், பகல் லுஹருக்கு ஒரு கிண்ணம், என்ட கையால கொழைச்சு வெச்சன். மீன் ஆணம், பருப்பு, ஒரு நாளைக்கு முட்டை. பலகையில வெச்சிட்டு வந்தா, திரும்பப் போகக்குள்ள கிண்ணம் காலி. வழிச்ச மாதிரி இருக்கும்."

பிரான்சிஸ்கா அதை எழுதவில்லை. பேனாவை மூடினாள்.

அந்த நேரம் றுக்கியாவின் ஃபோன் அடித்தது. அவளுடைய புருசன் முஹ்ஸின். மன்னாரில், வாப்பாமாரின் பழைய காணியில் ஒரு தகரக் கொட்டில் போட்டுக்கொண்டு இருக்கிறான். இருபத்தாறு வருசத்துக் காடு. வெட்டி, நெருப்பு வைத்து, வேலி போட்டு, இது எங்களுடைய காணி என்று காட்ட வேண்டும். கிளினிக் இங்கே இருப்பதால் றுக்கியா இங்கே. காணி அங்கே இருப்பதால் அவன் அங்கே.

"எப்பிடி இரிக்கிறாள்?"

"கண் முழிச்சிட்டாள்."

"அல்ஹம்துலில்லாஹ். நான் இப்ப வெளிக்கிட்டா இரவைக்கு வந்திருவன். ஆனா நாளைக்குக் காலையில அரசாங்கத்தில இருந்து காணி பாக்க வாறாங்களாம் றுக்கியா. ஆள் இல்லாட்டி ஆள் இல்லாக் காணி எண்டு எழுதிட்டுப் போயிருவாங்க."

"நீங்க காணியப் பாருங்க."

"கோவத்தில சொல்றியா?"

"இல்ல. இங்க வந்து என்ன செய்யப் போறீங்க? அவள் பெரிய பிள்ளையாகிட்டாள். நீங்க தூக்கினா அவளுக்கு வெக்கம். நான்தான் தூக்கோணும்."

ஃபோனை வைத்துவிட்டு வந்தபோது பிரான்சிஸ்கா அஸ்காவின் கட்டிலில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அஸ்காவுக்குத் தலைப்பக்கம் உயர்த்தியிருந்தது. கஞ்சித் தண்ணீரைக் கெட்டியாக்கி ஒரு சின்னக் கரண்டியால் கொடுத்துக்கொண்டிருந்தாள். விழுங்கும்வரை தொண்டையைப் பார்த்து, பிறகு அடுத்த கரண்டி.

"டொக்டர் மூக்கால ஒரு குழாய் போடச் சொல்றார்," என்றாள், திரும்பிப் பார்க்காமல். "உடம்பு தேறும்வரைக்கும். அதுக்குப் பொறகு விழுங்கிறது எப்பிடி எண்டு பாத்து, சரிவராட்டி வயித்தில ஓட்டை போட்டு அதால குடுக்கிறது."

றுக்கியா கட்டிலுக்குப் பக்கத்தில் வந்தாள்.

"வாயால சாப்பிட ஏலாதா மிஸ் இனி?"

"ஏலும். வாயால சாப்பிட்டு உடம்பு தேறுதெண்டு கண்டா குழாய் தேவையில்ல. அதத்தான் நான் டொக்டருக்குச் சொல்லோணும். சொல்றதுக்கு வீட்டில என்ன நடந்ததெண்டு எனக்குத் தெரியோணும். நோம்பு எத்தின நாள்?"

"இண்டைக்கு ஒம்பது," என்றாள் உம்மு குல்சூம். "முறிஞ்சது கழிச்சா எட்டு."

"எட்டு நோம்பில அஞ்சு கிலோ போகாது மாமி. அதுவும் இரவைக்குச் சாப்பிடுற நோம்பில. இந்தக் கை ஒரு மாசத்தில இப்பிடியாகாது. இது கன நாள் பட்டினி."

"பட்டினியா! நான் குடுத்த கிண்ணம் எல்லாம் காலியாத்தானே இருந்திச்சு?"

யாரும் கேட்காமல் அஸ்கா சொன்னாள்.

"கோழிக்கு."

"என்ன?"

"கிண்ணத்த மணிக்கட்டால தட்டினா பலகைக்கு அங்கால விழும் மாமி. உங்கட கோழி வந்து தின்னும். கிண்ணமும் நிமிந்தாப்போலதான் விழும். சில நாளைக்குக் கவுந்திரும். அண்டைக்கு நீங்க, கை தவறிட்டா மகள், எண்டு கேப்பீங்க."

உம்மு குல்சூம் கதிரையை விட்டு எழுந்தாள்.

"கோழிக்கா நான் முள்ளெடுத்தன்? ஒவ்வொரு முள்ளா, கண்ணாடி போட்டுக்கொண்டு... யா அல்லாஹ், அந்தக் கோழியள் கொழுத்துப்போய்த் திரியுதுகளே எண்டு நான் ஊரெல்லாம் பெருமை பேசினன்."

அவள் சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"ஏன் மகள்?" என்றாள் பிரான்சிஸ்கா. குரலில் இருந்த சூடு போய்விட்டது. "ருசியில்லையா? விழுங்க ஏலாமலா?"

அஸ்கா உம்மாவைப் பார்த்தாள். பிறகு சேலைன் போத்தலைப் பார்த்தாள்.

"சாப்பிட்டாக் கக்கூசுக்குப் போகோணும். மாமிக்கு இடுப்பு ஏலாது, தூக்க மாட்டா. உம்மா பின்னேரம் அசருக்குத்தான் வருவா."

"பகலைக்கு வந்து பாத்திட்டுப் போற இல்லையா றுக்கியா?"

"முதல்ல வந்தன் மிஸ். பொறவு, நடுவில போற ஆக்கள் வேலைக்கு வரத் தேவையில்ல எண்டு சொல்லிட்டாங்க."

"எப்ப இருந்து மகள் இப்பிடி?"

"வெங்காயம் நட்டதிலேருந்து. நட்டு மூணாம் நாள் எனக்குப் படுக்கையிலயே போயிட்டு. பத்து மணிக்கு. உம்மா வரும்வரைக்கும் அப்பிடியே கிடந்தன். ஹாரன் அடிக்கல்ல, ஒழுங்கையே வந்திரும். உம்மா வந்து கழுவினா. ஒண்டும் ஏசல்ல. கழுவிட்டுக் குசினிக்குப் போய் அழுதா. அடுத்த நாள்லேருந்து விடியக் கொஞ்சம், உம்மா வந்த பொறவு கொஞ்சம். தண்ணியும் அப்பிடித்தான். நோம்பு வந்த பொறவு கோழிக்குத் தட்டத் தேவையில்ல, அது லேசாப் போச்சு."

கணக்குப் பிழை திருத்துகிற குரலில் சொன்னாள். அவ்வளவு சீராக இருந்தது.

பக்கத்துக் கட்டிலில் ஒரு குழந்தை அழுதது. தூரத்தில், நோன்பு திறக்கிற மஃரிபுக்கு வாங்கு சொன்னார்கள். வெளியே நின்ற அபூசாலி கடையிலிருந்து வாங்கிய பாண் துண்டையும் தண்ணீர்ப் போத்தலையும் கொண்டுவந்து ஜன்னலில் வைத்துவிட்டு, முகங்களைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டான். றுக்கியா அதைத் தொடவில்லை. உம்மு குல்சூம் பேரீச்சம்பழம் ஒன்றை அவளுடைய கையில் வைத்தாள். அது கையிலேயே இருந்தது.

"குழாய் போட்டாலும் நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா ஆள் வேணும்," என்றாள் பிரான்சிஸ்கா. "போடாட்டியும் ஆள் வேணும். ஊட்ட ஒராள், தூக்க ஒராள். கொப்பியில நான் மீன் எழுதினன், முட்டை எழுதினன். இத எழுதல்ல."



அவள் எழுந்து, அஸ்காவின் போர்வையைக் காலடியில் இழுத்துவிட்டாள். அந்தக் கால் இரண்டும் போர்வைக்குக் கீழே இருப்பதே தெரியவில்லை. பிறகு றுக்கியாவிடம் திரும்பினாள். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்டாள்.

"ஒரு நாளைக்கு எத்தின தரம் இந்தப் பிள்ளையத் தூக்குறீங்க?"

"அஞ்சு தரம் வரும். சில நாளைக்கு ஆறு."

"அஞ்சு கிலோ, றுக்கியா. உங்கட கைக்குத் தெரியல்லையா?"

"தெரிஞ்சிச்சு மிஸ். தூக்க லேசா இருந்திச்சு. அதான் கேக்கல்ல."